கதவு மட்டும் பழசு

பல்லிடுக்கில் ஊசியைக் கடித்தபடி, மடிமேல் மோட்டார் கதவு ஒன்றைக் கிடத்திக்கொண்டு, சல்மா அரக்கு நிற ரெக்சினை இழுத்து மடக்கிக்கொண்டிருந்தாள். கதவு என்றால் லேசுப்பட்டதில்லை. தேக்குச் சட்டத்தின்மேல் இரும்புத் தகடு போர்த்திய கதவு. அரைமணி நேரம் மடியில் இருந்தால் தொடை மரத்துப்போகும். வேலை முடிந்த மற்ற மூன்று கதவுகளும் கூடத்துச் சுவரில் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றன. கொட்டகை ஒழுகுகிறது என்று மெக்கானிக் பிச்சைமுத்துதான் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தான். பகலெல்லாம் ஒரு வெள்ளைக்காரன் பட்டறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் பினாங்கின் இந்த டத்தோ கெராமாட் சந்துக்கு வந்து, சல்மாவின் புருஷன் மீரா சாகிப்பின் பழைய டாக்சியோடு மல்லுக்கட்டு என்று இரண்டு மாதமாக அவன் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"பிச்சைமுத்து, ஓரத்துக்குப் பச்சை நூலு போட்டா எடுப்பா இருக்கும்ல?" என்று சல்மா கொட்டகைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"வேணாங்க்கா. அரக்குக்கு அரக்கு நூலே போட்டுருங்க. பொண்ணு வீட்டுல எல்லாம் ஒரே கலராத்தான் கேட்டாங்களாம்லா."

சல்மா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "எந்தப் பொண்ணு வீட்டுல?"

கொட்டகையில் சுத்தியல் சத்தம் நின்றது. பிச்சைமுத்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தான். வெற்றிலை மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. "பாயோட தம்பிக்குக் கல்யாணமில்லையா? மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத்தான் மோட்டார் காடி ரெடியாகுதுன்னு பாய் சொன்னாரே."

"அவருக்குத் தம்பியே கெடையாது," என்றாள் சல்மா.

அவ்வளவுதான். பிச்சைமுத்து ஒன்றும் முட்டாள் இல்லை. துப்பாமல் வெற்றிலைச் சாற்றை விழுங்கிவிட்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். சல்மாவும் முட்டாள் இல்லை. ஆனால் இரண்டு மாதமாக அவளை முட்டாளாக்கி உட்கார வைத்திருந்தார்கள். சீட்டு தைத்தாள், கூரைத் துணி தைத்தாள், மூன்று கதவுக்கு மெத்தை வைத்துத் தைத்தாள். நாலாவதைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். எவளோ ஒருத்தி முதுகு நோகாமல் சாய்ந்துகொள்ள இவள் விரல் நோகத் தைத்திருக்கிறாள்! சக்களத்திக்கு மெத்தை தைத்துக் கொடுத்த பைத்தியக்காரி இந்தப் பினாங்குத் தீவில் தன்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது என்று நினைத்தபோது அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. மடியில் இருந்த கதவைத் தூக்கி வீசியிருப்பாள். கனம் விடவில்லை.

அவளுக்குக் கோபம் வந்ததற்கு மோட்டார் காரணம் என்று சொன்னால், விஷயம் தெரியாதவர்கள் சிரிப்பார்கள். அவளுடைய நிக்காஹ் நடந்த அன்று மீரா சாகிப்பிடம் இரண்டு சட்டையும் இந்த மோட்டாரும் தவிர வேறு ஒன்றுமில்லை. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு பல் வைத்தியரிடம் வாங்கிய நாலு கதவு டூரிங் கார். அதைப் படகுத்துறையில் நிறுத்தி, ஃபெரியில் வந்து இறங்குகிறவர்களை ஆயர் ஈத்தாமுக்கும் தஞ்சோங் பூங்காவுக்கும் ஏற்றிக்கொண்டு போவான். பெண்ணுக்கு என்ன மஹர் கொடுக்கிறாய் என்று சபையில் கேட்டார்கள். கட்டிக்கொள்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளை கொடுத்தாக வேண்டிய சொத்து அது. கொடுத்த பிறகு அதில் அவனுக்குப் பாத்தியதை இல்லை. மீரா சாகிப் வெளியே கை காட்டி, "அந்தா நிக்குதே, அந்த மோட்டார்தான்" என்றான். சபையே சிரித்தது. சாட்சிக்கு உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் எழுந்துபோய் மோட்டாரின் மூக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பர்தாவுக்குப் பின்னாலிருந்த சல்மாவுக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது. எந்தப் பெண்ணுக்கு மோட்டார் மஹராக வந்தது? எல்லோருக்கும் கிடைப்பது இரண்டு பவுன் சங்கிலி.

அதற்கப்புறம் அந்த மோட்டாரை அவன் ஓட்டினான், இவள் பார்த்துக்கொண்டாள். ரப்பர் விலை விழுந்து சவாரி இல்லாமல் போன வருடங்களில் டயருக்கு இவள் வளையல் போனது. கூரை கிழிந்தால் தைத்தது இவள். கதவுகள் தொங்கிப்போய், பின் கதவைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டும் நிலைமை வந்தபோது, "ஒரேயடியா பிரிச்சுப் புதுசு பண்ணிரலாம் சல்மா. உன் மோட்டாரு மறுபடி ராஜா மாதிரி ஓடணும்" என்றான். உன் மோட்டாரு என்று அவன் வாயால் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கித்தான் அவள் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மீரா சாகிப் வந்தான். சோறு இல்லை. அடுப்பே மூட்டவில்லை. சல்மா கதவு ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணு யாரு மச்சான்?"

அவன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கொட்டகைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்துகொண்டவன் போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சீனி முகம்மது மக. ஷரீஃபா."

சூலியா தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற சீனி முகம்மது. ஒரே மகள். கடை, கடைக்கு மேலே வீடு, பாகான் டாலாமில் தென்னந்தோப்பு. சல்மாவுக்குச் சிரிப்புகூட வந்தது. பெண்ணைப் பார்த்து மயங்கினான் என்றாலாவது மனிதப் பிறவி என்று விடலாம்.

"மார்க்கத்துல எடம் இருக்கு," என்றான் அவன். "இத்தனை வருசமாச்சு, நமக்கு ஒரு புள்ளை இல்ல. நான் உன்னையா தள்ளி வைக்கிறேன்? முறை வெச்சு வருவேன். அங்க ஒரு நாளுன்னா இங்க ஒரு நாளு. சோத்துக்கும் துணிக்கும் ஒரு கொறை வைக்கமாட்டேன்."

"அவளுக்கு என்ன மஹர்?"

அவன் கால் பெருவிரலால் தரைப்பலகையைத் தேய்த்தான். அந்தத் தேய்ப்பிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும், வாயால் சொல்லட்டும் என்று விட்டாள்.

"ஜமாத்து முன்னால கௌரவமா ஒண்ணு சொல்லணும்ல. அவரு மோட்டார் வேணும்னு கேட்டாரு."

"எந்த மோட்டார்?"

"எங்கிட்ட எத்தனை மோட்டார் இருக்கு?"

"உங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரி நோர்மா ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது. கேட்கட்டும், சந்து முழுக்கக் கேட்கட்டும். "அது என் மஹர். எனக்குக் கொடுத்ததை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்க உங்களுக்கு வெக்கமா இல்ல? ரெண்டு பொம்பளைக்கு ஒரே மஹர் கொடுத்த ஆம்பளை ஒலகத்துல உண்டா? நான் காதிகிட்ட வழக்குக்குப் போவேன்."

"போ," என்றான் அவன், மிக அமைதியாக. "யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவே? ஒரு சாட்சி உன் பெரிய வாப்பா. மவுத்தாகிப் போய்ச் சேந்துட்டாரு. இன்னொரு சாட்சி யாருன்னு யோசிச்சுப் பாரு."

யோசிக்கத் தேவையில்லை. அன்றைக்கு மோட்டாரின் மூக்கைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்த அந்த இரண்டாவது சாட்சி சீனி முகம்மதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே இரண்டு பேர் சேர்ந்துகொண்டு ஒரு மோட்டாரையே மறைக்கிறார்கள். கையில் ஒரு சுத்தியல் இல்லையே என்று சல்மாவுக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சீனி முகம்மதுவே வந்தார். மருமகனாகப் போகிறவன் மோட்டாரைக் காட்ட அழைத்து வந்திருந்தான். அன்றைக்குப் பட்டறையில் லீவு போட வைத்துப் பிச்சைமுத்துவையும் வரச் சொல்லியிருந்தான். பெரிய குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொட்டகைக்குள் மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தார் சீனி முகம்மது. நல்ல கறுப்பு வர்ணம். முகம் தெரிந்தது. கதவுகள் இருக்க வேண்டிய நாலு திறப்பிலும் மட்டும் பலகைச் சட்டங்களைக் குறுக்காக ஆணியடித்து வைத்திருந்தது.

"இது என்னத்துக்கு?"

"முட்டு பாய்," என்றான் பிச்சைமுத்து. "கதவைக் கழட்டுறதுக்கு முந்தியே அடிச்சுருவோம். இது மர உடம்பு. கதவும் இல்லாம முட்டும் இல்லாம ரோட்டுல போச்சுன்னா நடுவுல தொங்கிப்போயிரும். அப்புறம் எந்தக் கதவும் உக்காராது. கதவை மாட்டிட்டுத்தான் முட்டுப் பலகையை எடுக்கணும்."

"அப்ப மாட்டிர வேண்டியதுதானே?"

பிச்சைமுத்து வீட்டைப் பார்த்தான். மீரா சாகிப்பும் வீட்டைப் பார்த்தான். வாசல் திரைக்குப் பின்னால் சல்மா நின்றிருந்தாள். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாகிவிட்டது. கோபம் வேறு, வந்தவரைத் தண்ணீர் கொடுக்காமல் நிறுத்துவது வேறு.

"மாமா," என்றாள் திரைக்குள்ளிருந்து. "என் நிக்காஹ்ல நீங்க சாட்சிக்கு உக்காந்திருந்தீங்களா இல்லையா?"

கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "உக்காந்திருந்தேன் மகளே. இல்லேன்னு சொன்னா அல்லா பொறுக்கமாட்டான்."

"என்ன மஹர் சொன்னாரு?"

"மோட்டார் சொன்னாரு."

"எந்த மோட்டார்?"

சீனி முகம்மது தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பொய் சொல்ல மாட்டார், தொழுகை விடாத மனிதர். ஆனால் முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்த நாக்கு அது. "அந்த மோட்டார் இப்ப எங்கம்மா இருக்கு? நீயே பாரு. உடம்போட கீழ் மரச்சட்டம் புதுசு. தரைப்பலகை புதுசு. எஞ்சின், ஒடஞ்ச லாரியில இருந்து மாத்தினது. சீட்டு, கூரை, வர்ணம் எல்லாம் புதுசு. பழசெல்லாம் அந்தா கொட்டகை மூலையில வெறகாக் கெடக்கு. அதுல உனக்குப் பாத்தியதை உண்டு. தாராளமா எடுத்துக்க. இது மாப்பிள்ளை பாடுபட்டு எழுப்பின வேற மோட்டார் லா."

மீரா சாகிப் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியதைச் சல்மா திரை இடுக்கு வழியே பார்த்தாள். ஓஹோ! அப்படியானால் இந்த இரண்டு மாத வேலை முழுக்க இதற்குத்தானா? ஒவ்வொரு பலகையாகக் கழற்றி எறிந்தது அவளுடைய மோட்டாரை அவள் கண்ணெதிரிலேயே இல்லாமல் ஆக்குவதற்கா? அதில் பாதியை அவள் கையாலேயே செய்யவும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் அவள் அன்றைக்கு அழுதிருப்பாள்.

"பிச்சைமுத்து," என்றாள். "கதவு?"

"என்னக்கா?"

"கதவு பழசா புதுசா?"

பிச்சைமுத்துவுக்கு வம்பு என்றால் ஆகாது. மீரா சாகிப்பைப் பார்த்தான், சீனி முகம்மதுவைப் பார்த்தான், கடைசியில் தன் எண்ணெய்க் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பழசுதான்க்கா. மரம் நல்ல மரம், அதனால மாத்தலை. கழட்டிச் சொரண்டி மறுபடி மாட்டுறதுதான்."

"கேட்டுக்கிட்டீங்களா மாமா? அது நீங்க சாட்சி உக்காந்த மோட்டாரோட கதவு. நாலும் என் மஹர். வெறகோட சேத்து அதையும் நான் எடுத்துக்கிறேன். உங்க மக மோட்டாருக்கு உங்க மாப்பிள்ளை பாடுபட்டுப் புதுக் கதவு செஞ்சு போடட்டும்."

அடியில் இருக்கும் இரும்புச் சேஸியும் சக்கரமும்கூடப் பழசுதான், அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சேஸியை அவளால் கூடத்துக்குள் தூக்கிக்கொண்டு வந்து வைக்க முடியாது. கதவுகள் அவள் கூடத்தில் இருந்தன.

சீனி முகம்மது கோப்பையைத் திண்டில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். அவர் எடுத்த வாதம் அவர் கழுத்திலேயே மாட்டிக்கொண்டது. "பெண்ணாகப்பட்டவளுக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்று மருமகனிடம் சொல்லிவிட்டுப் போனாரே தவிர, கதவு அவளுடையது இல்லை என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

அவர் தலை மறைந்ததும் மீரா சாகிப் வீட்டுக்குள் பாய்ந்தான். ஒரு கதவைத் தூக்கினான். சல்மா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். புருஷனும் பெண்டாட்டியும் கூடத்து நடுவில் ஒரு கதவை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அவனுக்கு வலு அதிகம், ஆனால் அவளுக்கு விடுகிற எண்ணமே இல்லை. நோர்மா படியேறி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் சந்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர். அத்தனை கண்ணுக்கு முன்னால் பெண்டாட்டி கையைத் திருக அவனுக்குத் தைரியம் வரவில்லை. கதவை விட்டான். அது அவன் காலிலேயே விழுந்தது. நன்றாக வேண்டும்.

புதுக் கதவு செய்யப் பிச்சைமுத்து ஒரு மாதம் கேட்டான். கல்யாணம் ஒன்பதாம் நாள். ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, ஆடு வாங்கியாகிவிட்டது. மாப்பிள்ளை மோட்டாரில் வரவேண்டும் என்று கேட்டவர்கள் ரிக்ஷாவில் வந்தால் ஒத்துக்கொள்வார்களா? கல்யாணத்தன்று காலையில் மீரா சாகிப் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனான். முட்டுப் பலகைகளைத் தாண்டிக் குதித்து ஏறும் மாப்பிள்ளையை எந்த ஊரில் பார்த்திருக்கிறார்கள்?

"பாய், வேணாம் பாய்," என்று பிச்சைமுத்து குறுக்கே போனான். மோட்டாருக்கு மாலை கட்டத்தான் வந்திருந்தான், மாலையும் கையுமாகவே கெஞ்சினான். "முட்டுப் பலகையை எடுத்தீங்கன்னா போயிரும். ஆளு வேற ஏறுவாங்க." மீரா சாகிப் கேட்கவில்லை என்றதும் வீட்டு வாசலுக்கு ஓடிவந்தான். "அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா. கதவைக் கொடுத்துருங்க. அரை நாளுல மாட்டிருவேன். இல்லேன்னா வண்டி நாசமாப் போயிரும். உங்க வண்டிக்கா அது!"

அந்த நிமிஷம் சல்மா தடுமாறினாள். உங்க வண்டி என்று அவன் சொன்னது உண்மை. அந்த மோட்டார் உருப்படியாக இருந்தால் இன்றில்லாவிட்டாலும் என்றைக்காவது ஒரு நாள் அதைக் கேட்டு வாங்கலாம், வேறு டிரைவரைப் போட்டு ஓட்டலாம், யார் கையையும் எதிர்பாராமல் சாப்பிடலாம். இவள் நாலு கதவையும் விட்டுக்கொடுத்தால் மோட்டார் பிழைக்கும், ஷரீஃபாவின் மஹராகப் பிழைக்கும். கொட்டகையில் ஆணி பிடுங்கும் கிறீச் சத்தம் அவள் பல்லைக் கூசவைத்தது. ஒவ்வொரு ஆணிக்கும் எழுந்து ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. எழவில்லை.

"ஒடஞ்சா என் சாமான்தானே ஒடையுது," என்றாள் பிச்சைமுத்துவிடம். "ஒடையட்டும். முழுசா அவ கைக்குப் போறதைவிட ஒடஞ்சு போறது மேலு."

"இது கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதையால்ல இருக்கு," என்று பிச்சைமுத்து முணுமுணுத்தான். மீரா சாகிப்பைத்தான் சொன்னான். ஆனாலும் மாலையைக் கொண்டுபோய் மோட்டாருக்குக் கட்டத்தான் செய்தான், கூலி வாங்கியவன் என்ன செய்வான்? கதவு இல்லாத நாலு திறப்பையும் மல்லிகைச் சரத்தால் மறைத்து விட்டான்.

ஊர்வலம் பார்க்க நோர்மா சூலியா தெருவரைக்கும் போனாள். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தவள் பேச முடியாமல் சிரித்தாள். "காக் சல்மா, பிந்து தாக் அடா லா! கதவே இல்ல!" என்று மலாயும் தமிழும் கலந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மோட்டார் ஒவ்வொரு முனை திரும்பும்போதும் மாப்பிள்ளை பூச்சரத்தைப் பிடித்துக்கொண்டானாம். சரம் அறுந்து கையோடு வந்துவிட்டதாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைத் தோழன் ஒரு காலை வெளியே நீட்டித் தரையில் ஊன்றப் பார்த்தானாம். கொட்டு அடிக்கிறவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தாளத்தை விட்டுவிட்டார்களாம். காசுக்கடை வாசலில் நின்றவர் ஒருத்தர், "மாப்பிள்ளைக்கு வாசல் நாலு இருக்கு, கதவுதான் ஒண்ணுமில்ல" என்றாராம். தெருவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததாம். சல்மாவும் சிரித்தாள். பிறகு நோர்மா போனதும் நிக்காஹ் முடிந்திருக்கும் நேரம் இது என்று நினைவு வந்தது. கதவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிக்காஹ் நிக்காஹ்தான்.

நாலைந்து நாள் கழித்துப் பிச்சைமுத்து வந்தான். படியிலேயே நின்றான். "வண்டி போச்சுக்கா. நடுவுல கட்டைவிரல் கனத்துக்குத் தொங்கிருச்சு. நீங்க இன்னிக்குக் கதவைக் கொடுத்தாலும் மாட்ட முடியாது. மேல இடிக்கும், கீழ நாலு விரல் நுழையும். சீனி முகம்மது பாய் கடைக்குப் பின்னாடி சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்காரு."

அப்போதுதான் சல்மா அழுதாள். துக்கத்தில் அழுகிற அழுகை இல்லை அது. ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்கை முந்தானையால் முரட்டுத்தனமாகத் துடைத்துக்கொண்டு அழுதாள். ஜெயித்துவிட்டதாக நினைத்திருந்தாள். சந்துப் பெண்கள்கூட, "அவளுக்கு உடம்பு, உனக்குக் கதவு" என்று முதுகில் தட்டிக்கொடுத்திருந்தார்கள். உடம்பில்லாத கதவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விற்றால் பழைய இரும்புக்காரன் தகட்டை உரித்துக்கொண்டு கட்டையை எறிந்துவிட்டுப் போவான். மோட்டார் அவனுக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை, ஒரு பாவமும் அறியாத அந்தச் சின்னப் பெண்ணுக்கும் இல்லை. எல்லாரையும்விடப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்ட ஒருத்தனால் எல்லாம் நாசம்.

அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "பிச்சைமுத்து, இந்தக் கதவை வேற எடத்துல மாட்ட முடியுமா?"

"எங்கக்கா?"

அவள் திரை மட்டும் தொங்கிய வீட்டு வாசலைக் காட்டினாள்.

பிச்சைமுத்து முதலில் விளையாட்டு என்று நினைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மடித்த அளவுகோலை இடுப்பிலிருந்து எடுத்தான். கம்பத்தின்மேல் நிற்கும் பலகை வீடு. அஞ்சு படி ஏறினால் வாசல். முன்கதவு இரண்டையும் எதிரெதிராக மாட்டினால் வாசல் அகலத்துக்குக் கச்சிதமாக, இடுப்பு உயர அரைக்கதவாக வந்தது. பின்கதவு இரண்டும் கொல்லைப்புற வாசலுக்கு. பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அன்றும் மறுநாளும் வேலை செய்தான். வாசல் தூண் வளைந்திருந்தது. கீலுக்குப் பின்னால் தோல் துண்டை ஒன்று வைத்து மாட்டினான், மூடிப் பார்த்தான், கழற்றினான், இன்னொரு துண்டு வைத்தான். சிகரெட் அட்டையைக் கிழித்து இரண்டு கதவுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். எங்கேயோ பிடித்தது. மறுபடி கழற்றினான். மோட்டாருக்குக்கூட இவ்வளவு பாடுபடவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டான். கடைசியில் ஒன்றைக் கீழே தாழிட்டு, மற்றதைத் தள்ளினான். டப் என்று ஒரு சத்தம். ஆட்டம் இல்லை, நடுக்கம் இல்லை. பத்து வருடத்தில் அந்தக் கதவு அப்படி மூடிச் சல்மா பார்த்ததில்லை. இன்னொரு முறை திறந்து மூடச் சொன்னாள். பிறகு தானே திறந்து, தன் பலம் கொண்ட மட்டும் ஓங்கி அறைந்து மூடினாள். வீடு அதிர்ந்தது. கதவு அசையவில்லை. மனசுக்கு அப்படி ஒரு இதமாக இருந்தது.

சந்துக்காரர்களுக்கு ஒரு மாதத்துக்குப் பேச்சு கிடைத்தது. "சல்மா வீட்டுக்கா போறே? ஆயர் ஈத்தாமுக்கு எவ்வளவுன்னு கேட்டு ஏறு" என்று கேலி செய்தார்கள். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் படியில் நின்று, "மேடம், டாக்சி காலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் துணியைத் தந்தார்கள். அவளும் பதிலுக்குப் பதில் கொடுத்தாள். ஆனால் யார் வந்தாலும் எழுந்து வந்து அவளே திறந்துவிட்டாள். வேறு யாரையும் தொட விடவில்லை.

முறை வைத்து வருவேன் என்று சொன்னவன் வாக்குத் தவறவில்லை. புதுப் பெண்ணோடு முதல் வாரம் கழிந்ததும் ஒரு நாள், மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி மீரா சாகிப் வந்தான். புதுச் சட்டை. கையில் மாமனார் கடைச் சோற்றுப் பொட்டலம், வாழை இலையில் கட்டியது. கறிக்குழம்பு வாசனை அவனுக்கு முன்னால் படியேறி வந்தது. மேல் படியில் கால் வைக்கப் போனவன் கதவைப் பார்த்து ஒரு படி கீழேயே நின்றுவிட்டான்.

சல்மா கூடத்தில் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"சல்மா, தெற."

மெஷின் ஓடியது.

"என்ன கூத்து இது? ஊரே சிரிக்குது. புருசன் வாசல்ல நிக்கிறேன்."

"வாசலு உங்களுதுதான் மச்சான்," என்றாள் சல்மா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வாடகை நீங்க கட்டுறீங்க. வாடகைச் சீட்டும் உங்க பேருல இருக்கு. கதவு என்னுது. என் மஹரை என்னைக் கேக்காம யாரும் தொடக்கூடாது."

"கேக்குறேன்ல. தெறன்னு."

"அது கேக்குறது இல்ல."

அவன் பொட்டலத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். அந்தக் காலத்து டூரிங் காரில் வெளியே பிடி கிடையாது. கதவுக்கு மேலாகக் கையை உள்ளே விட்டுத்தான் திறக்க வேண்டும். எத்தனையோ ஆயிரம் தடவை, பார்க்காமலே, பேசிக்கொண்டே, சவாரிக்காரர்களுக்குத் திறந்துவிட்ட கை. பழக்கத்தில் அந்தக் கை கதவுக்கு மேலே ஏறி உள்ளே இறங்கியது. ஆனால் தெருவில் இடுப்புக்கு நின்ற கதவு, ஒரு படி கீழே நிற்கிறவனுக்குக் கழுத்துக்கு நின்றது. தோள் இடித்தது. எக்கினான். மேல் படியில் கால் வைத்து ஏற அவனுக்குத் தோன்றவில்லையோ, இல்லை துணிவு வரவில்லையோ தெரியவில்லை.

சல்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். கதவுக்கு உட்புறம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றாள். தோளைக் கதவில் அழுத்தித் தெருப்பக்கம் திரும்பியிருந்ததால் அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அவன் கை மட்டும் உள்ளே தொங்கியது. கல்யாணத்துக்கு வைத்த மருதாணி இன்னும் வெளுக்கவில்லை. ஐந்து விரல் நுனியும் நகக்கண் வரைக்கும் செக்கச் செவேலென்று சிவந்திருந்தன. பிடிக்கு ஒரு சாண் மேலே அந்தச் சிவந்த விரல்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தடவிக்கொண்டிருந்தன.